என்ஜின் ஆயில் குடித்தால் பிளாக்கையே மாற்ற வேண்டுமா?

லேக் மார்க்கெட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை எப்படி இருக்கும் என்று நம் அன்பர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காபிப்பொடி வாசனை, மல்லிகைப் பூ, வாழையிலைக் கட்டு, நடுவே நம்மவர் குரல்கள். அப்படி ஒரு காலையில் வாழையிலையும் கறிகாயும் வாங்கிக்கொண்டு வந்து என் காரைக் கிளப்பினேன். பின்னால் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். சைலன்சரிலிருந்து நீல நிறத்தில் புகை!

மறுநாள் வண்டியை ஓர் ஒர்க் ஷாப்பில் காட்டினேன். மிஸ்திரி புகையைப் பார்த்தார், ஆயில் கம்பியை உருவிப் பார்த்தார். "மொபில் காச்சே, தாதா. பிளாக் ஷேஷ்" என்றார். வங்காளத்தில் எந்தக் கம்பெனி என்ஜின் ஆயிலுக்கும் 'மொபில்' என்றுதான் பெயர். வங்காளியில் சாப்பிடுவதற்கும் குடிப்பதற்கும் ஒரே வினைச்சொல் என்பதால் இங்கே என்ஜின் ஆயிலைச் 'சாப்பிடுகிறது'. நம் ஊரில் 'குடிக்கிறது'. எப்படிச் சொன்னாலும் தீர்ப்பு ஒன்றுதான்: பிளாக் போய்விட்டது, மாற்ற வேண்டும். அவர் சொன்ன தொகை, வண்டியை விற்றால் கிடைக்கக்கூடிய விலைக்கு அருகில் இருந்தது.

வீட்டில் பேசி, வண்டியைத் தள்ளிவிடலாம் என்றே முடிவு செய்திருந்தோம். அப்போது, வாழ்நாள் முழுவதும் என்ஜின்களோடு பழகிய பெரியவர் ஒருவர் கேட்ட கேள்வி எங்களை நிறுத்தியது. "ஆயிரம் கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆயில் குறைகிறது?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "காம்ப்ரெஷன் எவ்வளவு வந்தது?" அதுவும் பார்க்கப்படவில்லை. "யாரும் எதையும் அளக்கவே இல்லையே, அதற்குள் பிளாக் போய்விட்டது என்று எப்படித் தெரிந்தது?" என்றார்.

அளந்து பார்த்ததில் நான்கு சிலிண்டரும் நன்றாக இருந்தன. வால்வுகளின் ரப்பர் சீல்கள்தான் காய்ந்து கெட்டிப்பட்டிருந்தன. முதலில் கேட்ட தொகையில் பத்தில் ஒரு பங்குகூடச் செலவாகவில்லை. அந்த மிஸ்திரி ஏமாற்றினார் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் அளக்கவில்லை; அளந்தீர்களா என்று நானும் கேட்கவில்லை. என்ன கேட்க வேண்டும் என்பதை நம் அன்பர்களும் தெரிந்து வைத்திருக்கட்டும் என்பதற்காகவே இந்தப் பாடம்.

ஆயில் எங்கே போகிறது?

என்ஜினின் உடல்தான் பிளாக். அதில் சிலிண்டர் என்னும் உருளைக் குழிகள் இருக்கின்றன. ஒவ்வொரு குழியிலும் ஒரு பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. பிஸ்டனைச் சுற்றிப் பெரும்பாலும் மூன்று ரிங்குகள் இருக்கும். மேலே உள்ள இரண்டும் எரியும் வாயுவின் அழுத்தம் கீழே கசியாமல் தடுக்கின்றன. மூன்றாவது ஆயில் ரிங். சிலிண்டர்ச் சுவரில் தெறிக்கும் ஆயிலை வழித்து, சிறு துளைகள் வழியே கீழே உள்ள சம்ப்புக்குத் திருப்பி அனுப்புவது அதன் வேலை.

இதை நம் வீட்டுக் காபி ஃபில்டரோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். துளைகள் சுத்தமாக இருந்தால் டிகாக்ஷன் இறங்கும். அடைத்துக்கொண்டால் மேலேயே நிற்கும். அதுபோல் ஆயில் ரிங்கின் துளைகளில் கரி அடைத்தால், வழித்த ஆயில் கீழே இறங்க வழியில்லாமல் மேலே சென்று பெட்ரோலோடு சேர்ந்து எரிகிறது. அதுதான் நீலப் புகை.

ஓடும் என்ஜின் சிறிதளவு ஆயிலை எரிக்கத்தான் செய்யும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் 1000 கி.மீ. செல்ல 1000 நிமிடங்கள் ஆகும். நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் மொத்தம் 30 லட்சம் சுற்றுகள். நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து 1 கோடியே 20 லட்சம். இந்தப் பயணத்தில் 1 லிட்டர் ஆயில் எரிந்தது என்றால், ஒரு சிலிண்டரில் ஏறக்குறைய 600 சுற்றுக்கு ஒரு சொட்டு எரிந்திருக்கிறது என்று பொருள். இவ்வளவு சிறிய கசிவுதான் பெரிய செலவாக வந்து நிற்கிறது.

ஆயில் குறைய ஐந்து வழிகள் உண்டு. செலவு குறைந்ததிலிருந்து வரிசையாகத் தருகிறேன். இந்த வரிசையிலேயே சோதிப்பதும் நல்லது.

1. வெளிக்கசிவு. டாப்பெட் கவர் கேஸ்கெட், சம்ப் போல்ட், ஆயில் ஃபில்டர், கிராங்க் ஷாஃப்ட் ஆயில் சீல் ஆகியவற்றைப் பாருங்கள். 50 மீட்டருக்கு ஒரு சொட்டு விழுந்தாலே 1000 கி.மீ.க்கு 1 லிட்டர் போய்விடும். இரவில் வண்டிக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வைத்தால் காலையில் ஓரளவு தெரியும். ஓடும்போது மட்டும் கசிவதும் உண்டு. ஆகவே என்ஜினின் அடிப்பக்கத்தைத் துடைத்துவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும்.

2. அளவுக்கு மேல் ஊற்றிய ஆயிலும் அடைத்த பிரீதர் குழாயும். என்ஜினுக்குள் சேரும் வாயு வெளியேற முடியாவிட்டால் ஆயிலையும் தள்ளிக்கொண்டு எரியும் இடத்துக்குப் போகும். பிரீதரைச் சுத்தம் செய்வதும் அதன் வால்வை மாற்றுவதும் சிறு செலவு.

3. வால்வு சீல், வால்வு கைடு. இவை மேலே ஹெட் பகுதியில் உள்ளவை. பிளாக்கைத் தொட வேண்டியதே இல்லை.

4. டர்போ உள்ள வண்டிகளில், குறிப்பாக டீசல் வண்டிகளில், டர்போவின் சீல்.

5. பிஸ்டன் ரிங், சிலிண்டர்ச் சுவர். பிளாக்கைப் பற்றிய பேச்சு இங்கேதான் தொடங்க வேண்டும்.

முதலில் அளந்து பாருங்கள்

சமதளத்தில் வண்டியை நிறுத்துங்கள். சூடான என்ஜினை அணைத்து 5 முதல் 10 நிமிடம் கழித்து, கம்பியைத் துடைத்து மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். மேல் கோடு வரை ஆயில் ஊற்றுங்கள். கிலோமீட்டர் எண்ணை ஒரு நோட்டில் எழுதுங்கள். பிறகு 1000 கி.மீ. வரை, வாரம் ஒருமுறை அதே இடத்தில் அதே முறையில் பார்த்து, ஊற்றும் ஆயிலை மில்லி லிட்டர் கணக்கில் குறித்துக்கொண்டே வாருங்கள். பல கார்களில் மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் இடைவெளி ஏறக்குறைய 1 லிட்டர். உங்கள் வண்டியின் கையேட்டில் சரியான அளவு இருக்கும்.

1000 கி.மீ.க்கு 100 அல்லது 200 மி.லி. குறைந்தால் கவலைப்பட வேண்டாம். அரை லிட்டரைத் தொட்டால் காரணம் தேடத் தொடங்கலாம். 1 லிட்டரைத் தொட்டால் தள்ளிப் போடக் கூடாது. ராஷ்பிஹாரி அவென்யூ நெரிசலிலேயே ஓடும் வண்டிக்கு ஒரு சலுகை உண்டு. வண்டி நகராமல் நிற்கும்போதும் என்ஜின் ஓடுகிறது. கிலோமீட்டர் ஏறாமலே ஆயில் செலவாகிறது. ஆகவே நகர ஓட்டத்தின் கணக்கையும் நெடுஞ்சாலை ஓட்டத்தின் கணக்கையும் கலக்காதீர்கள்.

இன்னொன்றை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். பெரும்பாலான வண்டிகளில் டாஷ்போர்டில் எரியும் சிவப்பு ஆயில் விளக்கு காட்டுவது ஆயிலின் அழுத்தத்தை, அளவை அல்ல. அது எரியும் நேரத்தில் பேரிங்குகள் ஏற்கெனவே காய்ந்துகொண்டிருக்கலாம். விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே ஓரமாக நிறுத்தி அணைத்துவிட வேண்டும். "இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே" என்று ஓட்டினால் உண்மையாகவே பிளாக் போய்விடும்.

புகை சொல்லும் சேதி

ஒருவர் வண்டியைக் கிளப்ப, மற்றொருவர் பின்னால் தள்ளி நின்று பார்த்தால் போதும்.

இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் கிளம்பும்போது மட்டும் நீலப் புகை வந்து, சற்று நேரத்தில் நின்றுவிட்டால் வால்வு சீல் மீது சந்தேகம். என் வண்டி செய்தது இதைத்தான். மேடு ஏறும்போதும் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போதும் தொடர்ந்து நீலப் புகை வந்தால் ரிங் மீது சந்தேகம். பாலத்திலிருந்து கியரிலேயே காலை எடுத்து இறங்கிவிட்டு, கீழே மறுபடி அழுத்தும்போது குபுக்கென்று வந்தால் வால்வு கைடைப் பார்க்க வேண்டும்.

கறுப்புப் புகைக்கும் ஆயிலுக்கும் சம்பந்தமில்லை. எரிபொருள் அதிகமாகப் போகிறது. என்ஜின் சூடான பிறகும் விடாமல் வெள்ளைப் புகை வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டோ விரிசலோ காரணமாக இருக்கலாம். அப்போது ஆயில் மூடியின் அடியில் பாலேடு போன்ற பசை தெரிகிறதா என்றும் பாருங்கள்.

காம்ப்ரெஷன் சோதனை

இதை மெக்கானிக்தான் செய்ய வேண்டும். ஆனால் கேட்டு வாங்க வேண்டியது நாம். பெட்ரோல் என்ஜினில் பிளக்குகளைக் கழற்றி, எரிபொருளையும் மின்பொறியையும் துண்டித்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தமானியை வைத்து ஸ்டார்ட்டரைச் சுழற்றுவார்கள். நான்கு எண்களையும் எழுதி வாங்குங்கள்.

ஒரு சிலிண்டர் மட்டும் மிகவும் குறைந்தால், அதில் பிளக் துளை வழியே ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். எண் நன்றாக ஏறினால் கசிவு ரிங் பக்கம் என்று பொருள்; விட்ட ஆயில் இடைவெளியைத் தற்காலிகமாக அடைத்திருக்கிறது. எண் ஏறவில்லை என்றால் வால்வு அல்லது கேஸ்கெட் பக்கம். டீசல் என்ஜினில் இப்படி ஆயில் விட்டுச் சோதிப்பது ஆபத்து, வேண்டாம்.

நான்கும் நன்றாக இருந்தும் ஆயில் குறைகிறதா? சிலிண்டர்ச் சுவர் பெரும்பாலும் நல்ல நிலையில்தான் இருக்கும். பிரீதர், வால்வு சீல், துளை அடைத்த ஆயில் ரிங் ஆகியவற்றைத் தேட வேண்டும். இப்போது பிளக் துளை வழியே உள்ளே விடும் சிறு கேமராக்கள் பல ஒர்க் ஷாப்புகளில் இருக்கின்றன. சுவரில் குறுக்குக் கோடுகள் தெளிவாகத் தெரிந்தால் நல்லது. மேலிருந்து கீழாக ஆழமான கீறல் தெரிந்தால் சுவர் கெட்டிருக்கிறது.

அம்பாசடர் கற்றுத் தந்த பாடம்

கல்கத்தாவில் வாழ்ந்துகொண்டு பிளாக்கைப் பற்றிப் பேசும்போது அம்பாசடரை மறக்க முடியுமா? ஹவுராவிலிருந்து பண்டேல் செல்லும் ரயிலில் உத்தர்பாராவை அடுத்து 'ஹிந்த் மோட்டார்' என்றே ஒரு நிலையம் இருக்கிறது. அங்கே இருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் 1950-களின் இறுதியிலிருந்து 2014 மே வரை அம்பாசடர் உற்பத்தி ஆயிற்று. நெடுங்காலம் அதில் இருந்தது 1489 சி.சி. என்ஜின், சிலிண்டரின் விட்டம் ஏறக்குறைய 73 மி.மீ. பிளாக் முழுவதும் வார்ப்பிரும்பு.

அந்தக் காலத்து மஞ்சள் டாக்சிகள் ஆயில் குடிக்கத் தொடங்கினால் யாரும் புது பிளாக் வாங்க ஓடவில்லை. தேய்ந்து நீள்வட்டமாகிப்போன சிலிண்டரை லேத்துக் கடையில் சற்றுப் பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனும் ரிங்கும் போட்டார்கள். இதுதான் போரிங். பத்து, இருபது, முப்பது, நாற்பது என்று மிஸ்திரிகள் சொல்வது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு. நாற்பது என்றால் ஏறக்குறைய 1 மி.மீ. பத்து முதல் நாற்பது வரை படிப்படியாகப் போனால் ஒரு பிளாக்குக்கு மேலும் நான்கு ஆயுள் கிடைத்தது.

அதற்கு மேல் கடைய இடமில்லாதபோது, குழிக்குள் இரும்பு ஸ்லீவை அழுத்தி இறக்கி, பழைய 73 மி.மீ. அளவுக்கே கொண்டு வந்தார்கள். பிளாக் மறுபடி முதல் ஆயுளிலிருந்து தொடங்கியது.

இன்றைய கார்களின் பிளாக்குகள் பெரும்பாலும் அலுமினியம். பலவற்றில் வார்க்கும்போதே இரும்பு லைனர் வைத்திருப்பார்கள். உற்பத்தியாளர் பெரிய அளவு பிஸ்டன் தந்திருந்தால் அவற்றையும் கடையலாம். சில என்ஜின்களில் லைனருக்குப் பதில் சிலிண்டர்ச் சுவரில் கடினமான பூச்சு இருக்கும். அதைச் சாதாரண லேத்துக் கடையில் கடையக் கூடாது. ஆகவே உங்கள் வண்டிக்குப் பெரிய அளவு பிஸ்டன் கிடைக்கிறதா, ஸ்லீவ் போட முடியுமா என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டுவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

ஒரு எச்சரிக்கை. அம்பாசடருக்கு ஊற்றிய கெட்டியான ஆயிலைப் புதிய காருக்கு ஊற்றிப் புகையை மறைக்காதீர்கள். புதிய என்ஜின்களின் குறுகலான பாதைகளில் மெல்லிய ஆயில்தான் நேரத்தில் போய்ச் சேரும். மேலும், எரிந்த ஆயில் சைலன்சர் பாதையில் உள்ள கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கெடுக்கும். கல்கத்தா உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரல் முதல் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமாயிற்று. இது கெட்டால் தனிச் செலவு.

எப்போது உண்மையாகவே மாற்ற வேண்டும்?

கனெக்டிங் ராட் முறிந்து பிளாக்கில் ஓட்டை விழுந்தால். கிராங்க் ஷாஃப்ட் உட்காரும் பேரிங் இருக்கைகளில் விரிசல் கண்டால். என்ஜின் கொதித்து மேற்பரப்பு சீராக்க முடியாத அளவுக்கு வளைந்தால். கடையவும் ஸ்லீவ் போடவும் வழியில்லாத சுவர் ஆழமாகக் கீறியிருந்தால். இந்த நான்கில் ஒன்று இருந்தால் மாற்றுவதே சரி. தேய்ந்த ரிங் மட்டும் இதற்குக் காரணமாகாது.

மழைக்காலத்தில் கல்கத்தாத் தெருக்களில் முழங்கால் தண்ணீரில் ஓட்டுவோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. காற்றுக் குழாய் வழியே தண்ணீர் சிலிண்டருக்குள் புகுந்தால், அழுத்த முடியாத தண்ணீரில் பிஸ்டன் மோதிக் கனெக்டிங் ராட் வளையும். தண்ணீரில் நின்றுபோன வண்டியை மறுபடி கிளப்ப முயலாதீர்கள், இழுத்துச் செல்லுங்கள்.

மாற்றுவது என்று முடிவானால் மூன்று வழிகள்: கம்பெனியின் புது பிளாக், பிஸ்டன், கிராங்க் எல்லாம் பொருத்தி வரும் 'ஹாஃப் என்ஜின்', பழைய வண்டியிலிருந்து எடுத்த என்ஜின். மூன்றாவதற்கு இங்கே மல்லிக் பஜார், சென்னையில் புதுப்பேட்டை. விலை குறைவுதான். ஆனால் எந்த வண்டியிலிருந்து எடுத்தது, அதன் எண் என்ன, ரசீது உண்டா என்று கேட்காமல் வாங்கினால் திருட்டு வண்டியின் என்ஜின் நம் வீட்டுக்கு வரக்கூடும்.

என்ஜின் எண் பெரும்பாலும் பிளாக்கில்தான் பொறிக்கப்பட்டிருக்கும். பிளாக் மாறினால் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணும் வண்டியில் உள்ள எண்ணும் ஒத்துப்போகாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இதைப் பற்றிப் பேசுகிறது. முன் அனுமதி பெறாமல் மாற்றியிருந்தால் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மாற்றுவதற்கு முன்பே, பெல்தலாவோ வேறோ, உங்கள் வண்டி பதிவான அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் விபத்து நேர்ந்து பணம் கேட்கும் நாளில்தான் இந்த எண் பேசும்.

வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்

இது பழைய வண்டிகளின் நோய் மட்டும் அன்று. டொயோட்டாவின் 2.4 லிட்டர் பெட்ரோல் என்ஜின் ஒன்று 2007 முதல் 2009 வரையிலான கேம்ரி போன்ற கார்களில் ஆயில் குடித்தது. அமெரிக்காவில் அந்தக் கம்பெனி வைத்த அளவுகோல், 1200 மைலுக்கு, அதாவது ஏறக்குறைய 1930 கி.மீ.க்கு, ஒரு குவார்ட் ஆயில். இது 1 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. டீலரின் சோதனையில் இதற்கு மேல் குறைந்த வண்டிகளுக்கு, வாரண்டியை நீட்டித்து, பிஸ்டனும் ரிங்கும் மாற்றிக் கொடுத்தார்கள்.

சுபாரு கம்பெனியின் 2011-14 ஃபாரஸ்டர் முதலிய கார்களைப் பற்றிய வழக்கு 2016-இல் சமரசமாயிற்று. ஆயில் குடிக்கும் கோளாறுக்கான வாரண்டி 5 ஆண்டு, 60,000 மைல் என்பதிலிருந்து 8 ஆண்டு, 1 லட்சம் மைலாக உயர்ந்தது. ஹோண்டா சிவிக் 2006-08 மாடல்களிலும் 2009-இன் தொடக்க வண்டிகளிலும் பிளாக் வார்ப்பிலேயே விரிசல் கண்டு தண்ணீர் கசிந்தது. அவற்றுக்கு அமெரிக்காவில் பிளாக் வாரண்டியைக் கடைசியில் 10 ஆண்டாக நீட்டி, கம்பெனி செலவில் மாற்றினார்கள்.

இவற்றிலும் அளவுதான் பேசியது. "ரொம்பக் குடிக்கிறது" என்று சொன்னவரைவிட, எந்தத் தேதியில் எத்தனை மைலில் எவ்வளவு ஊற்றினேன் என்று எழுதி வைத்தவரின் பேச்சுக்கு எங்கும் மதிப்பு அதிகம்.

ஊருக்குப் போகுமுன்

கோடை விடுமுறையிலும் கல்யாணங்களுக்கும் காரிலேயே சென்னை செல்லும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. வழி ஏறக்குறைய 1700 கி.மீ. 1000 கி.மீ.க்கு 1 லிட்டர் குடிக்கும் வண்டி, மேல் கோட்டில் கிளம்பினாலும், விசாகப்பட்டினத்தைத் தாண்டிச் சிறிது தூரத்தில் கீழ் கோட்டுக்கு வந்துவிடும். அதன் பிறகு ஓடுவது பிளாக்கைப் பணயம் வைத்துத்தான். பெட்ரோல் போடும் ஒவ்வொரு இடத்திலும் கம்பியைப் பாருங்கள். உங்கள் வண்டிக்குரிய ஆயில் 2 லிட்டர் டிக்கியில் இருக்கட்டும். வழியில் அதே தரம் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம்.

உங்களுக்குச் சில கேள்விகள்

1. 600 கி.மீ. ஓடியபின் 300 மி.லி. ஊற்ற வேண்டியிருந்தது. 1000 கி.மீ.க்கு எவ்வளவு?
2. காலையில் கிளப்பும்போது மட்டும் நீலப் புகை. முதலில் எதைப் பார்க்கச் சொல்வீர்கள்?
3. மூன்றாவது சிலிண்டரில் மட்டும் காம்ப்ரெஷன் குறைவு. ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டதும் நன்றாக ஏறுகிறது. கோளாறு எங்கே?
4. ஆயில் விளக்கு எரியவில்லை. கம்பியைப் பார்க்க வேண்டுமா?

விடைகள்: 1. 500 மி.லி.; காரணம் தேட வேண்டிய அளவு. 2. வால்வு சீல். 3. மூன்றாவது சிலிண்டரின் ரிங்கிலோ சுவரிலோ. 4. கட்டாயம்.

நான்குக்கும் சரியாக விடை சொன்னவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்குக் கிளம்புமுன் ஆயில் கம்பியை உருவிப் பாருங்கள். நோட்டில் முதல் வரியையும் எழுதிவிடுங்கள். சொல்லாதவர்களும் அதையே செய்யலாம்.